எது பிடிக்கும்

"எதுங்க டீச்சர் நல்லாப் பிடிக்கும்?" என்று கேட்டார் திருமூர்த்தி.

"யாருக்குங்ணா?" என்றாள் மெர்லின்.

அவர் சிரித்தார். தான் கேட்டது அவள் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தார். பக்கத்தில் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது.

அது நிற்கும்வரை காத்திருந்து மறுபடி கேட்டார்.

"பிடிக்கிறதுன்னா, லாக்கப் பிடிக்கிறதைக் கேட்டேனுங்க. வழுக்காம, நடுங்காம."

"கேட்டுதுங்ணா. யாருக்கு?"

"வண்டிக்குத்தான்."

மெர்லின் கையிலிருந்த துணியை உதறி, அழுக்குப் படாத பக்கமாகத் திருப்பிக்கொண்டாள்.

*

மெர்லினுக்கு முப்பத்தொரு வயது. மலுமிச்சம்பட்டியில் பொள்ளாச்சி சாலையை ஒட்டி அவளுடைய கொட்டகை. ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ் மட்டும்தான் பார்ப்பாள். அதற்கு முன் ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தவள். அதனால் அங்கே வருகிறவர்கள், அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட, டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

திருமூர்த்தி நாற்பத்தேழு வயதுக்காரர். பொள்ளாச்சியில் பம்ப் செட் உதிரிபாகக் கடை. வீடு சுந்தராபுரத்தில்.

அவரிடம் ஒரு பழைய ஆட்டோமேடிக் கார் இருந்தது. போன தீபாவளிக்கு அதில் எஞ்சினுக்குப் பலம் கூட்டும் டர்போ பொருத்தினார். அதுவரை சாதுவாக இருந்த வண்டி அதன்பிறகு பாய்ந்தது. அதன்பிறகு நடுங்கவும் தொடங்கியது.

ஆட்டோமேடிக் வண்டியில் கிளட்ச் மிதி கிடையாது. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே பூசணிக்காய் அளவில் ஓர் இரும்பு உருண்டை இருக்கும். அதுதான் கன்வெர்ட்டர். உள்ளே எண்ணெய். எஞ்சின் எண்ணெயைச் சுழற்றும். எண்ணெய் கியர்பாக்ஸைச் சுழற்றும்.

வேகம் கூடியதும் உள்ளே ஒரு தட்டு வந்து இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அது லாக்கப்.

திருமூர்த்தியின் வண்டியில் அந்தத் தட்டு தேய்ந்துவிட்டது. டர்போவின் பலத்தை அதனால் தாங்க முடியவில்லை. எழுபதைத் தொட்டதும் பிடிக்கும், வழுக்கும், மறுபடி பிடிக்கும். வண்டி காய்ச்சல் கண்டதுபோல உதறும்.

முதல் நாள் மெர்லின் அதை ஓட்டிப் பார்த்தாள். திரும்பி வந்து எஞ்சின் மூடியைத் திறக்கவில்லை. இடது பக்கக் கதவைத் திறந்து கொஞ்ச நேரம் உள்ளே பார்த்தாள்.

"அங்க மிஷின் ஒண்ணும் இல்லீங்க டீச்சர்," என்றார் திருமூர்த்தி.

"ஆமாங்ணா," என்று கதவைச் சாத்தினாள்.

*

மாற்றிப் போடுவதற்கு மேஜைமேல் மூன்று கன்வெர்ட்டர்கள் இருந்தன.

முதலாவது சின்னது. எஞ்சின் மூவாயிரத்து இருநூறு சுற்றுக்குப் போகும்வரை அதைத் தன் போக்கில் விட்டுவிடும். டர்போ சட்டென்று விழித்துக்கொள்ளும். ஊருக்குள் நெரிசலில் எண்ணெய் கொதிக்கும்.

இரண்டாவது பெரியது. இரண்டாயிரத்திலேயே வண்டியைத் தள்ளும். சூடு குறைவு. டர்போ எழுந்திருக்கச் சோம்பும்.

மூன்றாவது நடுவாந்திரம். ஆனால் அதன் லாக்கப்பில் ஒரு தட்டுக்குப் பதில் மூன்று. பிடித்தால் உடும்பு.

எத்தனை சுற்றில் கன்வெர்ட்டர் வண்டியைத் தள்ளத் தொடங்குகிறதோ, அந்த எண்ணிக்கையைத் தொழிலில் ஸ்டால் என்பார்கள்.

"ஸ்டால் எவ்வளவு வைக்கலாமுங்க?" என்று கேட்டார் திருமூர்த்தி.

"ஒண்ணு போதுங்ணா. டீ நல்லா இருந்தாச் சரி." எதிர்ப்பக்கத்து டீக்கடையைக் காட்டினாள்.

அது கிண்டலா பதிலா என்று அவருக்குத் தெரியவில்லை.

"காலேஜ்லயும் இப்படித்தான் பாடம் எடுத்தீங்களா?"

"அதனாலதான் அனுப்பிட்டாங்க."

அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"டீச்சர், எனக்கு ஒண்ணாந்தேதிக்குள்ள முடியணுமுங்க. வீட்டுல பொள்ளாச்சியில தங்கிக்கிறேங்கறா."

"யாருங்ணா?"

"வாசுகிதான். என்ற சம்சாரம். அங்க ஒரு ரத்தப் பரிசோதனை லேப்புல வேலை. தினம் காலைல ரெண்டு பேரும் ஒண்ணாப் போவோம், ஒண்ணா வருவோம். பத்து நாளு முன்ன கிணத்துக்கடவுல வண்டிய நிறுத்தச் சொல்லி எறங்கிட்டா. பஸ்ல போயிட்டா."

"ஏனாம்?"

"நடுக்கம். இந்த நடுக்கம் தாங்கலையாம். இப்ப பஸ்ல நின்னு நின்னு முதுகு வலிக்குதாம். கூட வேலை செய்யற கமருன்னிசா வீட்டுல ஒரு ரூம் காலியா இருக்குதாம். ஒண்ணாந்தேதியிலருந்து அங்க இருந்துக்கறாளாம். ஞாயித்துக்கிழமைக்கு வருவாளாம்."

"நடுக்கத்துக்கு முன்னாடி ஒண்ணும் சொல்லலீங்களா?"

"மெதுவாப் போலாமேன்னுவா. எப்பவும் அதேதான். கொஞ்சம் மெதுவாப் போலாமே. இதெல்லாம் ஒரு வேகமான்னு கேப்பேன். அப்புறம் சும்மா இருந்துக்குவா." அவர் சிரித்தார். "நடுக்கம் நின்னா வந்துருவாளுங்க. அதனாலதான் கேக்கறேன். எது நல்லாப் பிடிக்கும்?"

மெர்லின் வாயைத் திறந்தாள்.

"யாருக்குன்னு மட்டும் கேக்காதீங்க," என்றார் அவர்.

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

*

வாசுகி சமையலறை வாசலில் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள். மகள் சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

வீட்டில் அவர்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை. எதிரெதிரே உட்கார்ந்தால் பேச்சு வராது. காரில், இருவரும் முன்னால் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வரும். மகள் பெயரை அப்படித்தான் முடிவு செய்தார்கள். வீட்டுக்கு என்ன வண்ணம் அடிப்பது என்பதையும்.

டர்போ வந்தபிறகு காரிலும் பேச்சு குறைந்தது. விசில்போல ஒரு சத்தம் வருவதால் இருக்கும் என்று திருமூர்த்தி நினைத்திருந்தார்.

"இன்னும் ஒரு வாரம் பொறு," என்றார். "லாக்கப்புல கோளாறு. லாக்கப் போட்டா எல்லாம் சரியாயிடும்."

"யாருக்கு, எனக்கா?"

"வண்டிக்கு."

"நல்லவேளை."

பல்லில் கடித்திருந்த கறுப்பு ரப்பர் பேண்டை எடுத்து முடியைக் கட்டினாள்.

அவர் அவளையே பார்த்தார். "உனக்கு மெர்லினைத் தெரியுமா?"

"எந்த மெர்லின்?"

"இல்ல, அவங்களும் யாருக்கு யாருக்குன்னுதான் கேக்கறாங்க."

"அப்பச் சொல்ல வேண்டியதுதானே?"

"என்னன்னு சொல்றது?"

வாசுகி சீப்பிலிருந்த முடியை எடுத்துச் சுருட்டினாள்.

*

மறுநாள் போனபோது மெர்லின் இரண்டு மேஜை மின்விசிறிகளை எதிரெதிரே வைத்திருந்தாள். இரண்டுக்கும் முன்பக்கக் கூடு இல்லை.

"உட்காருங்ணா. கையை நீட்டிராதீங்க."

ஒன்றை மட்டும் போட்டாள். அது சுழன்றது. கொஞ்ச நேரத்தில், சுவிட்சே போடாத மற்றதும் மெல்லச் சுழலத் தொடங்கியது.

"இது எஞ்சின். அது கியர்பாக்ஸ். நடுவுல இருக்கிற காத்துதான் எண்ணெய்," என்றாள்.

"தெரியுமுங்க."

ஒரு ஸ்கேலை நீட்டி இரண்டாவது மின்விசிறியின் இறக்கையை நிறுத்தினாள். முதலாவது பாட்டுக்குச் சுழன்றது.

"இப்ப?"

"இதுதான் ஸ்டால். எஞ்சின் ஓடுது, வண்டி நிக்குது."

"யார் வேலை செய்யறாங்க?"

"எஞ்சின்."

"அது அப்படித்தான் நெனைச்சுக்கும்," என்றாள்.

அவர் யோசித்தார். ஸ்கேல் மெல்ல வளைந்துகொண்டிருந்தது. மெர்லினின் கட்டைவிரல் வெளுத்திருந்தது.

"சரிங்க, லாக்கப்?"

மெர்லின் மின்விசிறியை அணைத்தாள். ஒரு துண்டு ரப்பர் குழாயை எடுத்து, ஒரு முனையை முதல் மின்விசிறியின் மையக் குமிழிலும் மறு முனையை இரண்டாவதன் குமிழிலும் செருகினாள். ஒன்றைக் கையால் சுழற்றினாள். மற்றதும் அதே வேகத்தில் சுழன்றது.

"இப்ப?"

"ரெண்டும் ஒண்ணாயிடுச்சு. வழுக்கலே இல்லை." திருமூர்த்தியின் முகம் மலர்ந்தது. "அப்ப மூணாவதுதான். மூணு தட்டு. உடும்பு."

மெர்லின் தன் பக்கத்து மின்விசிறியை ஓர் உலுக்கு உலுக்கினாள்.

மற்றது மேஜையிலிருந்து கீழே விழுந்தது.

இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"வழுக்குனாலும் தப்பு," என்றார் திருமூர்த்தி கடைசியில். "பிடிச்சாலும் தப்பு. அப்ப எது?"

"அந்த ஃபேனைக் கொஞ்சம் எடுத்து வைங்ணா. இறக்கை வளைஞ்சிருக்கான்னு பாருங்க."

வளைந்திருந்தது.

*

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாதபோது அவர் இன்னும் நாலு பேரிடம் கேட்பார்.

கார்ப் பந்தயங்களுக்குப் போகிற நண்பர் சிபி போனில் சொன்னார்: "மூவாயிரத்துக்குக் கீழ போனா நீ டர்போ வெச்சதே தண்டம். கழட்டி மிக்ஸியில மாட்டிக்க."

ஊட்டிக்கு வாடகை வண்டி ஓட்டுகிற பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்: "எண்ணெய் கொதிச்சா கியர்பாக்ஸே போச்சுங்க. கம்மியா வைங்க. பேசாம டர்போவக் கழட்டிருங்க."

இணையத்தில் ஒருவர் லாக்கப்பே வேண்டாம் என்றார். இன்னொருவர் லாக்கப்பைத் தானாகப் பிடிக்க விடாமல், சுவிட்ச் வைத்து வேண்டும்போது பிடிக்கவைக்கச் சொன்னார். அதற்குக் கீழே ஐம்பது பேர் அவர்களைத் திட்டியிருந்தார்கள். திட்டியவர்களை வேறு ஐம்பது பேர் திட்டியிருந்தார்கள்.

சாப்பிடும்போது வாசுகியிடம் கேட்டார்.

"உனக்கு மூவாயிரத்து இருநூறு பரவாயில்லையா, ரெண்டாயிரமே போதுமா?"

"எதுல, சேலையிலயா?"

"ஸ்டால்."

"எனக்கென்ன தெரியும் அதெல்லாம்."

"நடுங்காது. ரெண்டுலயும் நடுங்காது."

"சரி."

"சனிக்கிழமை வண்டிய டீச்சர்கிட்டக் கொண்டு போறேன். நீயும் வாயேன். உக்காந்து பாத்துச் சொல்லு."

வாசுகி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நான் எத்தனை நாள் உக்காந்து பாத்தேன்," என்றாள்.

குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கூடத்துச் சுவர் ஓரமாக ஒரு பை இருந்தது. அதில் நாலு சேலை மடித்து வைத்திருந்தது. பையின் வாய் இன்னும் மூடப்படவில்லை.

*

வெள்ளிக்கிழமை மெர்லினிடம் போனில் சொன்னார்: "டர்போவுக்குங்க. டர்போவுக்குத்தான் பிடிக்கணும்."

"இல்லீங்ணா."

"அப்ப எனக்கு. நான்தானே ஓட்டறேன்."

"இல்லீங்ணா."

"அப்ப யாருக்குன்னு நீங்களே சொல்லிருங்களேன்."

"எனக்கெப்படித் தெரியும்? உங்க வண்டி."

அவர் போனை வைத்தார். கோபம் வந்தது. வேறு கடைக்குப் போய்விடலாமா என்று நினைத்தார். ஆனால் வேறு கடையில் எல்லோரும் பதில் வைத்திருப்பார்கள் என்பது நினைவுக்கு வந்தது. பதில்கள் அவரிடம் ஏற்கெனவே நிறைய இருந்தன.

*

சனிக்கிழமை பிற்பகல் சமத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி கடைக்கு வந்தார். கிணற்றுக் குழாயின் அடியில் மாட்டும் ஃபுட்வால்வு வேண்டும் என்றார். மோட்டாரை நிறுத்தினால் குழாயிலிருக்கும் தண்ணீர் கீழே இறங்கிவிடாமல் பிடித்துவைப்பது அது.

"எதுங்க நல்லாப் பிடிக்கும்?" என்றார் விவசாயி.

"எந்தக் கிணத்துக்குங்க?" என்றார் திருமூர்த்தி.

"எல்லாம் ஒண்ணுதானே? நல்லதா ஒண்ணக் குடுங்க."

"அதெப்படிங்க? பாறைக் கிணத்துக்கு ஒண்ணு, சேத்துக் கிணத்துக்கு ஒண்ணு. வால்வ மட்டும் பாத்து எப்படிச் சொல்றது? எந்தக் கிணத்துக்குன்னு தெரியாம..."

அவர் நிறுத்திக்கொண்டார்.

விவசாயி காத்திருந்தார். "சேத்துக் கிணறுதானுங்க," என்று தானாகவே சொன்னார்.

திருமூர்த்தி அவசரமாக ஒரு வால்வை எடுத்துக் கொடுத்தார். கடையைச் சாத்தினார். காரை எடுத்தார்.

பொள்ளாச்சியிலிருந்து மலுமிச்சம்பட்டி வரைக்கும் வழியில் இருந்த எல்லா வண்டிகளையும் முந்தினார். எழுபதில் வண்டி நடுங்கியது. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு இன்னும் மிதித்தார்.

*

பிரேக் சத்தம் கேட்டு மெர்லின் வெளியே வந்தாள்.

"கண்டுபிடிச்சிட்டேனுங்க டீச்சர்."

"சொல்லுங்ணா."

"வாசுகிக்கு."

இறங்கிய வேகத்தில் அவர் கதவைக்கூடச் சாத்தவில்லை. பரீட்சையில் கேள்வி முடியுமுன் கை தூக்கும் மாணவனைப்போல நின்றார்.

"சரியான விடைங்ணா."

"அப்ப எதுங்க?"

"சாவி."

"என்னதுங்க?"

"வண்டிச் சாவியைக் குடுங்க."

கொடுத்தார். அவள் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். அவர் பின்கதவைத் திறக்கப் போனார்.

"அங்க இல்லீங்ணா. முன்னால. அந்தப் பக்கம்."

அவர் வண்டியைச் சுற்றிக்கொண்டு போனார். இடது கதவின் கைப்பிடியை எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்று ஒரு கணம் தடுமாறினார். அவர் இதுவரை அந்தப் பக்கம் ஏறியதே இல்லை.

இருக்கை முன்னால் தள்ளியிருந்தது. முழங்கால் முன்பலகையில் இடித்தது. டாஷ்போர்டில் அவர் ஒட்டிவைத்திருந்த டர்போ மீட்டர் இங்கிருந்து தெரியவில்லை. அது அவர் பக்கமாகத் திரும்பியிருந்தது.

"எப்படி ஓட்டட்டுங்ணா?"

"நல்லா ஓட்டுங்க. தெரியணுமில்ல."

"அப்ப நீங்க ஓட்டற மாதிரியே ஓட்டறேன்."

*

ஒத்தக்கால்மண்டபம் தாண்டும்வரை ஒன்றும் இல்லை.

அதன்பிறகு முன்னால் ஒரு தேங்காய் மட்டை லாரி வந்தது. மெர்லின் அதன் பின்பக்கத்தை ஒட்டிப் போனாள். திருமூர்த்தியின் வலது கால் தானாக எழுந்து தரையை அழுத்தியது.

அங்கே பிரேக் இல்லை.

கீழே பார்த்தார். கால் விரிப்பில், அவர் கால் அழுத்திய அதே இடத்தில், ஏற்கெனவே ஒரு குழி தேய்ந்திருந்தது. அவருடைய பாதத்தைவிடச் சின்னக் குழி.

விரிப்பு பழசாகிவிட்டது என்று நினைத்தார்.

மெர்லின் வலப்பக்கம் ஒடித்து மிதித்தாள். டர்போ விசிலடித்தது. அவர் முதுகு இருக்கையில் ஒட்டியது. லாரியின் சக்கரங்கள் அவர் ஜன்னலுக்கு மிக அருகே, அவர் முகத்தின் உயரத்தில் சுழன்றன. ஓட்டுநர் பக்கத்திலிருந்து முந்தும்போது அவர் சக்கரங்களைப் பார்த்ததே இல்லை.

"கிட்டத்துல போறீங்க டீச்சர்."

"எவ்வளவு கிட்டங்ணா? இங்கிருந்து தெரியலை."

எழுபது.

"இப்பப் பிடிக்கப் போகுது," என்றாள். "பிடிக்கிற நேரத்துல கொஞ்சம் காலை எடுத்தா, பாவம், தேஞ்ச தட்டுகூடப் பிடிச்சுக்கும். ஆனா நீங்க அப்பத்தான் மிதிப்பீங்க."

மிதித்தாள்.

வண்டி உதறியது.

வலது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைக்கும் அந்த உதறலை அவர் ஸ்டியரிங்கில்தான் அறிந்திருந்தார். கையை இறுக்கினால் பாதி போய்விடும். இங்கே இறுக்க ஒன்றும் இல்லை. பல் கிட்டித்தது. கண்ணெதிரே சாலை இரண்டாகத் தெரிந்தது. அடுத்து ஒரு பஸ். மெர்லின் காலை எடுக்கவில்லை.

அவர் கை எதையோ தேடி மேலே போனது. ஜன்னலுக்கு மேலே ஒரு பிடி இருக்கும் என்று கைக்குத் தெரிந்திருந்தது.

பிடி இருந்தது. ஆனால் ஆடியது.

நிமிர்ந்து பார்த்தார். பிடியின் ஒரு முனையில் ஸ்குரூ இல்லை. எப்போதோ பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. அந்த முனையை மேலே இருந்த கொக்கியோடு சேர்த்து யாரோ கட்டியிருந்தார்கள்.

தலைமுடிக்குப் போடும் கறுப்பு ரப்பர் பேண்ட்.

ஒன்று இற்றுப்போயிருந்தது. அதன்மேல் இன்னொன்று சுற்றியிருந்தது. அதுவும் நைந்து நூல் தெரிந்தது. அதன்மேல், புதிதாக, மூன்றாவது ஒன்று.

"எப்படிங்ணா இருக்கு?" என்று கேட்டாள் மெர்லின், சாலையைப் பார்த்துக்கொண்டே. "பிடிக்குதுங்களா?"

அவர் பிடியை விடவில்லை.

"கொஞ்சம் மெதுவாப் போலாமே," என்றார்.

"இதெல்லாம் ஒரு வேகமாங்ணா?"

அடுத்த லாரி வந்தபோதும் பிடியைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தார்.

*

கிணத்துக்கடவு வந்தது. மெர்லின் காலை எடுத்தாள். நடுக்கம் நின்றது.

பஸ் நிறுத்தத்தில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். ஒரு பெண் பையைத் தரையில் வைக்காமல் தோளிலேயே மாட்டிக்கொண்டு, ஒரு கையை இடுப்பில் ஊன்றியிருந்தாள்.

"இங்க நிறுத்துங்க டீச்சர்."

நிறுத்தினாள்.

"பொள்ளாச்சி பஸ் இங்க நிக்குமில்ல?"

"நிக்கும். ஏனுங்ணா, உங்க வண்டியே இருக்குதே."

"அவ அஞ்சு மணிக்கு லேப்புலருந்து வெளிய வருவா. பஸ்ல போய் பஸ்லயே கூட வரேன்." கதவைத் திறந்தார். இறங்கும்போதும் அந்தப் பிடியைப் பிடித்துத்தான் இறங்க வேண்டியிருந்தது. மெதுவாகப் பிடித்தார்.

"இதுக்கு ஒரு ஸ்குரூ போட்டு வைக்கட்டுங்களா?"

அவர் யோசித்தார். "வேண்டாமுங்க. நான் போட்டுக்கறேன்."

"அப்ப கன்வெர்ட்டர்? மூணுல எது போடட்டும்?"

தூரத்தில் பஸ் தெரிந்தது. அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மற்றவர்களோடு போய் நின்றார். பிறகு திரும்பிச் சொன்னார்:

"கேட்டுட்டு வரேனுங்க."

யாரை என்று மெர்லின் கேட்கவில்லை.